கடைசிக் கட்டில்

வெல்டர் முழங்கால் வலிக்காக, டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கி வந்தவர். ஒருநாள் பட்டறையில் வயிற்றைக் கத்தியால் குத்தியதுபோல் வலி கிளம்பியது. வாயுப்பிடிப்பு என்று சொல்லி, இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மனைவியால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப முடிந்தது.

அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது உள்ளே எங்கு பார்த்தாலும் சீழ். இரைப்பையில் வலி மாத்திரையால் வந்த புண் ஓட்டை போட்டிருந்தது. மருத்துவர் அதை அடைத்து, கழுவிய நீர் தெளியும்வரை வயிற்றைக் கழுவினாள். கையுறையைக் கழற்றியதும் உயிராபத்தை அளக்கும் ஸ்கோர் போட்டாள்; கூடக் கூட ஆபத்து. வயது, சோர்ந்துபோன சிறுநீரகம், தாமதித்த நேரம், சீழ் பரவிய அளவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டினால் முப்பத்திரண்டு. அந்த எண்ணுக்குப் போனவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதுவும் மதியம் நடக்கவிருந்த வேறோர் அறுவைக்காக ஒதுக்கியது. இவ்வளவு ஸ்கோர் இருப்பவருக்கு அதைக் கொடுத்து என்ன பயன் என்று தலைமை மருத்துவர் கேட்டார்.

"கம்மியா இருந்தா வார்டுலயே பாத்துக்குவேன் சார். இவ்வளவு இருக்கறதாலதான் கேக்கறேன்."

அவர் பட்டியலில் மதிய அறுவையை அடித்தார். பிறகு, மதிய நோயாளியான பெரியவரிடம் யார் போய்ச் சொல்வது என்றார். அவளே போனாள். அந்தப் பெரியவரின் மகன் வாய்க்கு வந்தபடி ஏசினான். அவன் ஓயும்வரை நின்று கேட்டு, அறுவை சில நாள் தள்ளிப்போகும், ஆனால் கைவிடமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெல்டரின் மனைவி கதவோரமே நின்றிருந்தாள்.

"நேராச் சொல்லுங்க டாக்டர். பொழைப்பாரா?"

"பாதிக்குப் பாதிகூட இல்லம்மா. ஆனா நான் விடப்போறதில்ல."

"அப்ப நீங்க உள்ள பாருங்க. வெளிய நான் இருக்கேன்."

ரத்த அழுத்தம் சரிந்து சரிந்து எழுந்தது. சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் பார்த்தது. தணிந்திருந்த காய்ச்சல் திரும்பியபோது, பார்க்கலாம் என்று மருத்துவர் காத்திருக்கவில்லை. உடனே ஸ்கேன் எடுக்க வைத்தாள். கல்லீரலுக்குக் கீழே மறுபடி சீழ் கட்டியிருந்தது. அன்றே குழாய் போட்டு வடித்தாள்.

அதன்பின் ஒரு காலையில் நர்ஸ் வெளியே வந்து, சிறுநீர் தானாகப் பிரிகிறது என்றாள். அதுவரை கண் கலங்காத மனைவி, அதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

தனக்கு எவ்வளவு ஸ்கோர் என்று வெல்டர் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். "முப்பத்திரண்டா? பள்ளிக்கூடத்துல கணக்குல நான் இவ்வளவு வாங்கினதே இல்ல" என்றார். மனைவி முறைத்தாள். இனி யாரைக் கேட்டு மாத்திரை வாங்குவீர்கள் என்று அவள் கேட்க, அவர் அவளையே கை காட்டினார்.

வெல்டரை வார்டுக்கு மாற்றியதும் கட்டிலைத் துடைத்து விரிப்பு மாற்றினார்கள். அறுவை அரங்கில் பெரியவருக்கு மயக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அறுவை மருத்துவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினாள்.