கட்டிலோரத்துக் கதை

பாஸ்டர் மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது ஆறாம் நம்பர் வந்தான். ஆறாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவன் என்பதால் அவனைச் சபையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவன் பெண்டாட்டி உட்பட. வண்டியெடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சீருடைச் சட்டையின் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினோரு நாளைக்கு முன்னால்தான் பாஸ்டர் அவனுடைய மூன்று மாதப் பெண்குழந்தையை அடக்கம் பண்ணி வைத்தார். ராத்திரி பால் குடித்துப் படுத்த குழந்தை காலையில் எழுந்திருக்கவில்லை. காரணம் இன்னதென்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

விஷயம் குழந்தையைப் பற்றி இல்லை, பெண்டாட்டியைப் பற்றி என்றான். அவள் அழவில்லையாம். ஒரு சொட்டு இல்லை. அடக்கம் முடிந்த மறுநாளே குழந்தைத் துணியையெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டாளாம். துக்கம் கேட்க வந்த பெண்கள் அழுதால், இவள் அவர்கள் முதுகைத் தடவி ஆறுதல் சொல்லி அனுப்புகிறாளாம். காலையும் மாலையும் கட்டிலோரம் முழங்கால் போடுகிறாள். பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் கிடக்கிறது, ரெண்டு நாளாகக் காய்ச்சல், மருத்துவரிடம் போகலாம் என்றால் இதெல்லாம் ஒரு பாடா என்கிறாள். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல ஐயா, என்றான். அழுதுதான் தொலையேன் என்று நேற்று அவளிடம் கத்தியேவிட்டானாம்.

"அதுக்கு அவ கேக்கறா ஐயா, 'பாஸ்டரம்மா அழுதாங்களா?'ன்னு."

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாஸ்டர் கெட்டவர் இல்லை. நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் எழுந்து போகிறவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் முகம் சுளிக்காமல் உட்காருகிறவர். ஆனாலும் அவன் அதைச் சொன்ன அந்த நொடியில் அவர் நெஞ்சு பெருமையில் கொஞ்சம் விம்மியது, வலது கை தன்பாட்டில் நோட்டுப் புத்தகத்தை இழுத்தது. 'இளம் தாய். விசுவாசம். ஞாயிறு' என்று நாலு சொல் எழுதிய பிறகுதான் கை நின்றது. அவனை உடனே அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஆண்டவர் அவளுக்கு விசேஷித்த பலத்தைக் கொடுத்திருக்கிறார் என்றார். தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். அவன் ஆமென் சொல்லிவிட்டு, மருந்துக் கடைக்குப் போக வேண்டியவன் புத்தகக் கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

பாஸ்டருடைய பிரசங்கத்துக்கு ஊரில் நல்ல பெயர். காரணம் வசனம் இல்லை, வீட்டுக் கதைகள். சாம்பார், ரசம் மாதிரி இன்னின்ன வாரம் இன்னின்னது என்று சபைக்கே தெரியும் அளவுக்கு அந்த வீட்டில் நடப்பதெல்லாம் மேடையேறிவிடும். மனைவி கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியது, மகள் கணக்குப் பரீட்சையில் தோற்றது, தண்ணீர்க் குழாய் வெடித்தது எல்லாமே ஆவிக்குரிய பாடமாகி வந்திருக்கின்றன. மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன் செய்தால் முதல் வார்த்தை 'அப்பா, இது பிரசங்கத்துக்கு இல்ல' என்பதுதான். அவர் சிரித்துக்கொள்வார். அதையும் ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் ராஜா கட்டிலோரத்துக் கதை. பத்தொன்பது வருஷம் முன்பு அவர்களுடைய முதல் பையன் ஏழு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அடக்கத்தன்று காலை பாஸ்டர் அறைக்குள் நுழைகிறார். மனைவி கட்டிலோரம் முழங்காலில். உதடு அசைகிறது. அவர் நிற்பது தெரிந்து எழுந்திருக்கிறாள், கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. 'கொடுத்தவருக்கு எப்ப திரும்ப வாங்கணும்னு தெரியும்' என்கிறாள். அவ்வளவுதான் கதை. இந்த இடத்தில் பாஸ்டர் நிறுத்துவார், சபையில் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். வெளிச்சபைகளில் கூப்பிடும்போதே 'அம்மாவைப் பற்றிச் சொல்லுவீங்களே, அதைச் சொல்லணும்' என்பார்கள். பிள்ளையை இழந்த எத்தனை வீடுகளுக்கு அந்தக் கதை போயிருக்கிறது என்று அவருக்கே கணக்கில்லை.

மனைவி பின்னறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் வாசற்படியில் சாய்ந்து நின்று ஆறாம் நம்பர் சொன்னதைச் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் பெருமை கலந்துதான் வந்தது. உன்னைப் பார்த்துத்தான் அந்தப் பெண் நிற்கிறாள் பார், என்று முடித்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். கேட்டதெல்லாம் காய்ச்சல் எத்தனை நாளாக, பால் கட்டியது எப்போதிலிருந்து என்று. பிறகு சட்டையின் காலரை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"நான் அன்னிக்கு ஜெபம் பண்ணலங்க."

அவருக்குப் புரியவில்லை. என்னைக்கு என்றார்.

"குழந்தையோட ஒரு காலுறையைக் காணோம். பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி போட்டு விடணுமே. கட்டிலுக்கு அடியில கிடக்குதான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்து வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நின்னீங்க. 'கொஞ்சம் நகருங்க'ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

காலுறை கிடைக்கவில்லையாம். ஒரு பாதத்தை வெறுமையாகத்தான் துணிக்குள் வைத்து மூடினாளாம். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் குழந்தையின் முகத்தை மட்டும்தான் பார்த்தார்.

பாஸ்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பொய் சொன்னோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். முதல் தடவை சொன்னபோது 'முழங்காலில் இருந்தாள்' என்று மட்டும்தான் சொன்னார், அது கண்ணால் பார்த்தது. உதடு அசைந்தது எப்போது சேர்ந்தது? அந்த வாக்கியம் எந்த ஊரில் வந்து ஒட்டிக்கொண்டது? கண் காது மூக்கு வைப்பது என்பார்களே, அப்படி வருஷத்துக்கு ஒன்றாக வைத்து, கடைசியில் அந்தக் கதைக்கு உயிரே வந்து, அவர் எதிரில் நின்று பேசியிருக்கிறது. நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தாலும் அவள் அப்படித்தான் சொன்னாள் என்று சத்தியம் பண்ணியிருப்பார். ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம்.

"முதல் தடவை நீங்க அதைச் சொன்னப்ப மேடையிலயே அழுதீங்க. அதுவரைக்கும் நீங்க அழவே இல்ல. இதைச் சொன்னாத்தான் இவருக்கு அழுகை வருதுன்னா சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப இன்னொருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துட்டு என்னை மாதிரி இருக்கணும்னு காய்ச்சலோட உக்காந்திருக்கா. நான் அப்படி இருக்கவே இல்லையேங்க."

அப்படியானால் நீ போய் அந்தப் பெண்ணிடம் பக்குவமாகப் பேசிவிட்டு வா என்றார் பாஸ்டர். அழுவது பாவமில்லை என்று சொல்லு, நாலு வசனம் எடுத்துத் தருகிறேன் என்றார். கதையைப் பற்றி இப்போது எதற்கு என்பதை மென்று விழுங்கினார். ஆனால் இருபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு விழுங்கியதும் கேட்கும். மூட்டை கட்டியது நீங்கள், பிரிக்க மட்டும் நானா என்றாள். அவள் கத்தவில்லை, முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பீரோவிலிருந்து பழைய பருத்தித் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள், வெந்நீர் பாட்டிலை நிரப்பினாள். மத்தியானம் ரெண்டு மணிக்கு அவன் வண்டியை விட்டு வந்துவிடுவான், அப்போது ரெண்டு பேரும் போகிறோம் என்றாள். போகலாமா என்று அவள் கேட்கவேயில்லை.

ரெண்டு மணி வரைக்கும் பாஸ்டர் என்னென்னவோ யோசித்தார். கதையால் பலன் பெற்றவர்கள் பொய்யாய்ப் பலன் பெற்றவர்களா? ஒருத்தி உயிரை மாய்த்துக்கொள்ளப் போனவள் இதைக் கேட்டுத் திரும்பி வந்தாள் என்று கடிதம்கூட எழுதியிருந்தாளே. நாளைக்கு இந்தப் பெண் நாலு பேரிடம் சொன்னால் சபை என்ன நினைக்கும்? ஆண்டவரே, வழிகாட்டும் என்றார். வழி என்னவோ தெளிவாகத்தான் தெரிந்தது, நடக்கத்தான் காலில்லை.

மாடியில் ரெண்டு அறை வீடு. ஆறாம் நம்பர் கதவைத் திறந்தான். பொத்தான்கள் இன்னும் அப்படியே இருந்தன. மருத்துவரிடம் போக இன்னும் அவள் சம்மதிக்கவில்லை என்று கண்ணாலேயே சொன்னான். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, சிரித்த முகமாக வந்தாள். உட்காருங்க அம்மா, உட்காருங்க ஐயா என்றாள். கன்னம் ரெண்டும் காய்ச்சலில் சிவந்திருந்தன. கைகளை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கியே வைத்திருந்தாள், எதுவும் நெஞ்சில் பட்டுவிடக் கூடாது என்பது போல. பாஸ்டரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கின பிள்ளை டீச்சரிடம் சொல்வதுபோல, "நான் அழலம்மா. ஒரு தடவைகூட," என்றாள்.

பாஸ்டரம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று குறிப்பெடுத்துப் பேசியே பழகின வாய். மனிதன் பலவீனமானவன் என்று தொடங்கினார். அங்கிருந்து ஒரு வசனத்துக்குப் போகப் பார்த்தார். அந்தப் பெண் பணிவாகத் தலையாட்டிக் கேட்டாள். அவள் ஆட்டுகிற அந்தத் தலையைப் பார்த்து அவர் வசனத்தைப் பாதியில் விட்டார். எதைச் சொன்னாலும் இவள் நம்பிவிடுவாள் என்பது அப்போதுதான் முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

"அம்மாவைப் பத்தி நான் சொல்வேனே, அந்தக் கதை," என்றார். "அது அப்படி நடக்கலம்மா. அவ ஜெபம் பண்ணல. குழந்தையோட காலுறையைத் தேடிக்கிட்டிருந்தா. மத்ததெல்லாம் நானாச் சேத்தது."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்ட பொருள் மாதிரி. பாஸ்டரம்மாவைப் பார்த்தாள். அப்போ நீங்க அழுதீங்களா அம்மா என்றாள்.

"இல்லம்மா. எனக்கு இடம் கிடைக்கல. அடுத்த மாசமே நான் மேடையில சொல்ற சாட்சியாயிட்டேன். சாட்சியானவ எங்க போய் உக்காந்து அழறது?"

கீழே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார்கள். பாஸ்டர் அவள் மன்னிப்பாள் என்றோ, ஆறுதலடைவாள் என்றோ, என்னவோ ஒன்றை எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சபையில் ஒரு ஆள் கேட்காத கேள்வி அது.

"அன்னிக்குக் காலையில நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க ஐயா?"

கதையில் அவர் வாசற்படியில் நின்று பார்ப்பவர். அதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்று அவரே யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். தேட வேண்டியிருக்கவில்லை, அது அங்கேயேதான் இருந்தது.

"மேசையில உக்காந்து பிரசங்கம் எழுதிக்கிட்டிருந்தேன்," என்றார். "ஞாயித்துக்கிழமைக்கு."

அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரித்தான் ஆரம்பித்தது. பாதியில் அது திரும்பிக்கொண்டது. பதினோரு நாள், பதினோரு நாள் என்று மட்டும் ரெண்டு தடவை சொன்னாள், அப்புறம் வாயைப் பொத்தினாள், அப்புறம் பொத்தவும் முடியவில்லை. ஆறாம் நம்பர் பதறிப்போய் ஓடி வந்தான். பாஸ்டரம்மா அவனைக் கையால் நிறுத்தினாள். வெந்நீர் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டாள், அவளைத் தோளோடு அணைத்து உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். முதல்ல பாலை எடுத்து விடுவோம், வா, சாயங்காலம் மருத்துவர்கிட்ட நானும் வரேன் என்று சொல்வது கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

ஆண்கள் ரெண்டு பேரும் வெளியே மாடிப்படிக்கு வந்தார்கள். உள்ளே அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தார்கள். ஆறாம் நம்பருக்குக் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் தோள்கள் பல நாளைக்குப் பிறகு இறங்கியிருந்தன. ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா என்றான்.

பாஸ்டர் கண்ணை மூடினார். ரயில்வே பிளாட்பாரத்திலும் ஆபரேஷன் அறை வாசலிலும், கேட்ட மாத்திரத்தில் தடையில்லாமல் ஜெபம் பண்ணுகிறவர். 'ஆண்டவரே' என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. காத்துப் பார்த்தார், வரவில்லை. அவன் தலை குனிந்து நின்றுகொண்டேயிருந்தான்.

அப்போதுதான் அந்த ரெண்டாவது குரல் கேட்டது. முதல் குரலுக்குக் கீழே, தணிந்து, கரகரத்து, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அழுகை. வேறு யார் உள்ளே போனார்கள் என்று பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். யாரும் போகவில்லை. மனைவி அடுத்த அறையில் இருமினாலும் தும்மினாலும் அவருக்குத் தெரியும், பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்தே இன்று என்ன மனநிலை என்று சொல்லிவிடுவார். இந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாரு ஐயா அது?" என்றான் ஆறாம் நம்பர் மெதுவாக.

பாஸ்டர் திரும்ப வீட்டுக்குள் வந்து உள்ளறைக் கதவருகே போனார். தட்டக் கையை ஓங்கினார். தட்டாமல், விரித்த உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்து அழுகை பலகை வழியாக மெல்லிய அதிர்வாக அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது.