காசிலிங்கம் செத்த கதை

பங்காளி காசிலிங்கம் இறந்துவிட்டார், பதினாறு நாள் தீட்டு, ஆகவே இந்த ஆனித் தேருக்கு வர இயலாது என்று முத்துசுப்பிரமணியன் கோயில் மணியத்துக்கு ஆள்விட்டுச் சொன்னபோது, காசிலிங்கம் அம்பாசமுத்திரத்தில் திடகாத்திரமாக உயிரோடுதான் இருந்தார்.

மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆண் தலையில்தான் குருக்கள் முதல் பரிவட்டம் கட்டுவார். அவர் வடத்தைத் தொட்ட பிறகே ஊர் தொடும். மேலத்தெரு அப்பாத்துரை வீட்டார் அந்த மரியாதைக்குக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதும் ஊரறிந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொய் சொல்லும்படி ஆனது ஒரு நினைப்பினால்.

தை மாதம் தொடங்கியது அது. தீபாராதனைத் தட்டு உயரும். உடனே சந்தையில்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒரு வார்த்தை, லிங்கத்தைப் பார்த்தே அவர் மனதில் எழும். காறித் துப்பிவிடுவோமோ என்று வாயில் எச்சில் ஊறும். உதட்டைக் கடித்துக்கொண்டு பஞ்சாட்சரத்தை நூற்றெட்டு முறை சொல்வார். நடுவில் அந்த வார்த்தை புகுந்தால் மறுபடி முதலிலிருந்து. தாமிரபரணியில் நாலு தரம், ஐந்து தரம் முங்குவார். ஈரத்தோடு ஈரமாக அதுவும் கரையேறும்.

மனதில் இருப்பதுதான் மனிதன் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவர். தன் மனதில் இருப்பது இதுவென்றால் தான் யார்? பரிவட்டத்தோடு ஊர் முன்னால் நிற்கும்போது துப்பிவிட்டால்?

ஆள்விட்டுச் சொன்ன மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் குரல் கேட்டது.

“மதினி, எனக்குப் பதினாறு என்னைக்கு? பந்தியில அவியல் உண்டா?”

முத்துசுப்பிரமணியனின் மனைவி பாகீரதி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

“லே காசி, சத்தம் போடாத. உள்ள வா.”

“செத்தவன் சத்தம் யாருக்கு அண்ணாச்சி கேக்கும்? பஸ்ல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் என்னையப் பாத்துட்டு பாதியிலேயே இறங்கி ஓடிட்டான்.”

கதவைச் சாத்திவிட்டு முத்துசுப்பிரமணியன் சொன்னார். வார்த்தையைச் சொல்லவில்லை, அது வருவதை மட்டும் சொன்னார். காசிலிங்கத்தின் முகத்தில் கேலி வற்றிப்போனது. அவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச மனசு டாக்டர் இருக்காரு. கெளம்புங்க.”

“பைத்தியம்னு ஊரு சொல்லும்லா?”

“செத்தவனோட பஸ்ல போற ஆளை வேற என்ன சொல்லும்?”

டாக்டர் கிருபைராஜ் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஐயா, ஊருல உங்களுக்கு ஆகாத ஆள் யாரு?” என்றார்.

“அப்பாத்துரை.”

“அவரைப் பாத்தா அந்த வார்த்தை தானா வருதா?”

“அது எதுக்குத் தானா வரணும்? நானே ஏசுவேன்லா!”

காசிலிங்கம் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

“ஏசணும்னு நெனைக்க ஆளை நேராவே ஏசிடுதிய. ஏசவே கூடாதுன்னு உசிரா நெனைக்க இடத்துலதான் இது வந்து பயமுறுத்துது. பெத்த பிள்ளையைக் கீழ போட்டுருவமோன்னு நடுங்குத தாய்மாரு எங்கிட்ட வாராங்க. பிள்ளை மேல ஆசையில்லாதவளா நடுங்குதா? இது நோவு ஐயா, உங்க குணமில்ல. மாத்திரை தாரேன். அது வந்தா வரட்டும்னு விடுங்க. அதை விரட்டுததுக்குன்னு முங்காதிய, எண்ணி எண்ணிச் சொல்லாதிய.”

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நினைப்பை அவர் அழைத்ததில்லை. சரி. ஆனால் பங்காளியைச் சாகடித்தது? அதை யோசித்து, ஆளைத் தேர்ந்து அனுப்பிச் சொன்னார். ஆறு மாதமாகச் சொல்லாத வார்த்தைக்கு நடுங்கியவருக்கு, சொன்ன பொய்க்கு ஒரு நடுக்கமும் வரவில்லையே!

வீட்டுக்குப் போகாமல் நேரே கோயில் வாசலில் போய் நின்றார். மணியத்தோடு அப்பாத்துரையும் இருந்தார்.

“மணியம், யாரும் சாகலை. இந்தா நிக்கான் காசிலிங்கம். தீட்டுன்னு நான் சொன்னது பொய்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“எனக்கு மனசுல ஒரு நோவு. வைத்தியம் பாக்கேன். நோவு தானா வந்தது. பொய் நான் சொன்னது.”

அப்பாத்துரை மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மணியம் தரையைப் பார்த்தபடி, “சாமி காரியத்துல பொய் சொல்லியாச்சு. இந்த வருசம் பரிவட்டம் அவுகளுக்குன்னு பேசி முடிச்சாச்சு” என்றார்.

“கட்டட்டும்.”

சொல்லிவிட்டாரே தவிர, வீடு வரும்வரை வெறுந்தலையைத் தடவிக்கொண்டே வந்தார். சுவரில் படமாகத் தொங்கும் பாட்டனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று தேர் நாள் வரை உறக்கமில்லை.

தேரன்று, வெறுந்தலையோடு ஊராரோடு ஊராராக வடத்தின் நடுவில் நின்றார். முன்னால் அப்பாத்துரையின் பரிவட்டம் பளபளத்தது. தேர்மேல் சுவாமியை நிமிர்ந்து பார்த்தார். வார்த்தை வந்தது. வாயில் எச்சில் ஊறியது. எண்ணத் தொடங்கிய விரல்களை வடத்தின்மேல் இறுக்கிக்கொண்டார்.

பின்னாலிருந்து காசிலிங்கம் மெதுவாகக் கேட்டார். “அண்ணாச்சி, வந்துட்டா?”

“வந்துட்டு. நீ இழு லே.”