வெயிலுகந்தம்மாள் விழுந்த பிறகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கோவில்பட்டியில், ஒரு டீக்கடை வாசலில். பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். வயதான ஒரு பெண் மொபெட் ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் இன்னொருத்தி, இளையவள், இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இருவர் சேலையிலும் முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு. முன்னால் இருந்தவள் தலையைத் திருப்பாமலே உரக்க ஏதோ கேட்டாள். பின்னால் இருந்தவள், "எழுதுவேன்" என்றாள். வண்டி போய்விட்டது.

எதை எழுதுவாள்? யார் படிக்க? என் பேருந்து வந்ததுகூடத் தெரியாமல் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்லும் அந்தச் சேறும்தான். மற்றதெல்லாம் நான் உண்டாக்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கரிசல் பூமியில் விடியல் என்பது ஒரு'

வேண்டாம். விடியலை நான் பார்த்ததைவிடப் படித்ததுதான் அதிகம். அடுத்தது: 'சுதாராணிக்கு இரண்டு வாழ்க்கைகள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, மற்றொன்று'

இதுவும் பொய். அவளுக்கு எல்லோரையும் போல ஒரு வாழ்க்கைதான். அதில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அவ்வளவே.

அங்கிருந்தே தொடங்கலாம். வருடம் 2007. சுதாராணியின் கணவன் முத்துகிருஷ்ணன் மார்க்கெட் பக்கம் தார்ப்பாய், கயிறு விற்கும் கடை வைத்திருந்தான். கடைக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் தூசி தாங்காமல் மக்கர் செய்ய, வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சுதாராணி அதற்கு ஓரத்தில் பூ வேலை செய்த துணி உறை தைத்துப் போட்டாள். பிறகு தொலைபேசிக் கம்பி வழியே இன்டர்நெட்டும் வந்தது. பொடி இட்லிக்குச் செய்முறை தேடப் போனவள், முன்பின் தெரியாத ஆட்கள் தமிழில் தங்கள் தெருவைப் பற்றி எழுதுவதைக் கண்டாள். நம்ம தெரு என்ன குறைச்சல் என்று தோன்றியது. 'குழாயடி' என்று பெயர் வைத்து ஒரு வலைப்பதிவு தொடங்கிவிட்டாள்.*

எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு நாய் போலவே நடந்துகொள்ளும் தெருநாய், தெருவுக்கொரு ராகத்தில் கூவும் பூக்காரர், தண்ணீர் வராத நாட்களில் குழாயடியில் சும்மா கூடுகிற பெண்கள். இதைத்தான் எழுதினாள். பார்க்காததை எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம். யார் பெயரையும் போடுவதில்லை.

(* இளம் வாசகர்களுக்கு: அப்போது இதற்குப் பெயர் பதிவு. அடியில் வாசகர்கள் எழுதுவது பின்னூட்டம். ஒருத்தர் 'அருமை' என்று போட்டால் அன்றைக்குச் சமையலில் உப்பு கூடிவிடும், அப்படி ஒரு மயக்கம்.)

3

எதிர்வீட்டு வெயிலுகந்தம்மாள் பசுவந்தனைக்காரி. கணவரோடு அங்கே சொந்தக் காட்டில் மானாவாரி வெள்ளாமை செய்தவள். மகன் சுந்தரபாண்டியன் படிப்புக்காகக் கோவில்பட்டிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டார்கள். மகன் சென்னையில் வேலைக்குப் போனான். கணவர் போன வருடம் காலமானார். காட்டுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் பேருந்து ஊர் முக்கில் இறக்கிவிட்டால் அங்கிருந்து வெயிலில் நெடுநடை. முழங்கால் கேட்கவில்லை. கொல்லையில் கணவரின் மொபெட் சும்மா நின்றது.

ஒருநாள் காலையில் சுதாராணி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துக் காலி மைதானத்தில் மொபெட் சத்தம். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு அத்தை! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு வட்டம் நன்றாகத்தான் வந்தது. அடுத்த திருப்பத்தில் வண்டி திரும்ப மறுத்தது. நேரே போய்ச் சீமைக்கருவைப் புதருக்குள் விழுந்தாள்.

சுதாராணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பதற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து குரல்: "சுதாக்கா, தண்ணி வந்துட்டு!" எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். ஓடினாள்.

சாயங்காலம் எழுதினாள். தலைப்பு, 'அத்தையின் ஆகாய விமானம்.' கடைசி வரி: 'முள்ளுக்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் ஊருக்கு வணக்கம் சொல்லின.' அதற்கு மேல் ஒரு வரி எழுதிப் பார்த்தாள், சிரிப்பு குறைந்தது, அழித்துவிட்டாள். மஸ்கட்டிலிருந்து பின்னூட்டம், சிங்கப்பூரிலிருந்து பின்னூட்டம். அத்தனை பேர் அதற்கு முன்னால் வந்ததில்லை.

4

அந்தப் பதிவைச் சென்னையில் ஓர் அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில், சுந்தரபாண்டியன் படித்தான். நண்பன் ஒருவன், "உங்க ஊர்க்காரங்க எழுதினது, செம காமெடி" என்று அனுப்பியது. சிரித்துக்கொண்டுதான் படித்தான். வண்டி இருக்கைக்கு உரச்சாக்கை வெட்டித் தைத்த உறை என்று ஒரு வரி வந்தது. அந்த உறையைத் தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவனே அவன்தான்.

இவனைக் கல்நெஞ்சனாக எழுதிப் பார்த்தேன். வசதியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு வருடத்துக்குள் அப்பாவை இழந்தவன், அம்மாவின் பாதங்களை மட்டும் முள்ளுக்குள் பார்க்கிறான். அவனால் வேறென்ன செய்ய முடியும்? பசுவந்தனையில் இருக்கும் சித்தப்பா கண்ணுசாமிக்குப் போன் போட்டான். நிலத்தை அவர் குத்தகைக்கு எடுத்துக்கொள்வது, வெள்ளிக்கிழமை எழுதிக்கொள்வது, சனிக்கிழமை அவன் வந்து அம்மாவைச் சென்னைக்கே கூட்டிப்போய்விடுவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்குக் கடைசியாகத்தான் சொன்னான்.

5

வெயிலுகந்தம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். கையில் முள் கீறிய தடம் காயவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏட்டி சுதா, நான் விழுந்தத எழுதிப் போட்டியாமே?"

"பேரு போடலயே அத்த…"

"மெட்ராஸ்ல இருக்கவன் படிக்கான். எதுத்த வீட்ல இருக்க எனக்குத் தெரியல. இது என்ன எழுத்து?"

"தப்புதான் அத்த. அழிச்சிருதேன்."

"அழிச்சா அவன் மண்டைக்குள்ள இருக்கது அழியுமா? நான் விழலன்னு எழுது."

"விழுந்தீங்களே அத்த. நான் பாத்தேன்லா. பொய் எப்படி எழுத?"

வெயிலுகந்தம்மாள் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "விழுந்தேன். சரி. பொறவு?"

"பொறவு…"

"எந்திரிச்சேன். முள்ளப் புடுங்கிப் போட்டேன். திரும்ப உதச்சு ஏறி நாலு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அத எழுதுனியா?"

"நான் பாக்கலயே அத்த. தண்ணி வந்துட்டுன்னு கீழ போயிட்டேன்."

"கேட்டிருக்கலாம்லா? நடுத்தெருவுலதான நிக்கேன்."

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன். சுதாராணி பொய் எழுதவில்லை. எல்லாம் கண்ணால் பார்த்தது. ஆனாலும் வெயிலுகந்தம்மாள் விழுந்துகொண்டேதான் இருக்கிறாள், மஸ்கட்டில், சிங்கப்பூரில், மகன் மனசில். எங்கே நிறுத்துகிறோம் என்பதிலும் ஒரு பொய் இருக்க முடியுமா? எழுதுகிற எனக்கே இது அதுவரை தோன்றியதில்லை.)

"நாளைக்கு வியாழக்கெழம" என்றாள் வெயிலுகந்தம்மாள். "மழ பெஞ்சிருக்கு, ஈரம் போறதுக்குள்ள வெதைக்கணும். வண்டியிலதான் போறேன். நீயும் பின்னால ஏறி வா. முழுசாப் பாத்து எழுது."

6

முத்துகிருஷ்ணன் தடுப்பான் என்று நினைத்தேன். சுதாராணியும் அப்படித்தான் நினைத்தாள். அவனோ, "அத்தையா ஓட்டுதாவ?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தான். "பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு. அடிச்சிட்டுப் போங்க." அவ்வளவுதான்.

தார்ச்சாலையில் வெயிலுகந்தம்மாள் நன்றாகவே ஓட்டினாள். லாரி வந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி, அது போகும்வரை முறைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் பேச்சு. எந்தக் காடு யாருடையது, எவர் பருத்தி போட்டார், எவர் மக்காச்சோளத்துக்கு மாறினார். சுதாராணி பயத்தில் 'ஆமாம்' மட்டும் சொன்னாள். பாதி வழி தாண்டியதும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். தான் கேட்க ஆரம்பித்ததை அவள் கவனிக்கவில்லை.

வண்டிப்பாதையில் இறங்கியதும் கரிசல் தன் வேலையைக் காட்டியது. ஈரமண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. இருவரும் குச்சி ஒடித்து மண்ணைச் சுரண்டினார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. வண்டியை ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு நடந்தார்கள்.

காட்டில் டிராக்டர் நின்றது. பக்கத்தில் கண்ணுசாமி.

(முதல் எழுத்துப்படியில் கண்ணுசாமிக்கு முறுக்கு மீசையும் கள்ளச் சிரிப்பும் வைத்திருந்தேன். மீசையைப் பிறகு எடுத்தேன். சிரிப்பு தானாகப் போய்விட்டது.)

"மதினி! நீங்க விழுந்துட்டியள்னு பாண்டி அழுவாத கொறையாச் சொன்னான். இதுல எப்படி வந்திய?"

"ஓட்டிட்டு வந்தேன். இந்தா, இவளும் பின்னால வந்தா. கேளு."

கண்ணுசாமி சுதாராணியைப் பார்த்தான். அவள், "ஆமா அண்ணாச்சி" என்றாள்.

"நாளைக்குத்தான எழுதப் போறோம், ஈரம் வீணாப் போகுமேன்னு இன்னைக்கே உழச் சொல்லிட்டேன்" என்றான் அவன், கொஞ்சம் சங்கடத்தோடு.

"நல்லதாப் போச்சு. நெலம் எம்பேர்ல இருக்கு, எழுதறதா இல்லயான்னு நான் சொல்லல. டிராக்டருக்கு நான் குடுத்துருதேன். உளுந்து போடலாம். வெத நீ வச்சிருப்பேல்லா, குடு."

கண்ணுசாமி வாதாடவில்லை. ஏமாற்றம் இருந்தது, முகத்தை மறைக்கத் தெரியாத மனிதன். கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு, "வெத வீட்ல இருக்கு. எடுத்துட்டு வாரேன்" என்று நடந்தான்.

விதைத்து முடித்துத் திரும்பும்போது விழுந்தார்களா?

விழவில்லை என்று ஒரு படி எழுதினேன், அதில் உயிரில்லை. ஒரு படியில் சுதாராணிக்குக் கை முறிந்தது, அது எனக்கு வேண்டாத கொடுமை. கடைசியில் எழுதியது இது: வண்டிப்பாதை தார்ச்சாலையில் ஏறும் இடத்தில் சக்கரம் வழுக்கியது. இருவரும் மெதுவாக, ஏறக்குறைய மரியாதையாக, சேற்றில் உட்கார்ந்தார்கள். சுதாராணி முதலில் தன் காலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அத்தையின் காலை. ஒன்றும் ஆகவில்லை. இருவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஊருக்குள் நுழையும்போது வெயிலுகந்தம்மாள் தலையைத் திருப்பாமலே கேட்டாள், "ஏளா, இப்ப விழுந்ததையும் எழுதுவியா?"

"எழுதுவேன்."

7

எழுதினாள். விழுந்தது, எழுந்தது, மைதானத்தில் அன்றைக்கு அத்தை போட்ட நாலு சுற்று, எதையும் விடவில்லை. இந்தப் பதிவுக்குப் பின்னூட்டம் குறைவு. 'முந்தைய பதிவு அளவுக்குச் சிரிப்பு இல்லை' என்று ஒருவர். 'உளுந்து என்ன ரகம்?' என்று இன்னொருவர்.

வெள்ளிக்கிழமை குத்தகை எழுதப்படவில்லை. சனிக்கிழமை காலை சுந்தரபாண்டியன் வந்தான். அம்மாவும் மகனும் பேசியது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. மத்தியானம் அவனே மொபெட்டை எடுத்து, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போனான். திரும்பியபோது அவன் பேண்டிலும் சேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியாகச் சென்னைக்குக் கிளம்பும்போது சுதாராணி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எங்கம்மாவப் பத்தி இனிமே எழுதாதீங்கக்கா."

சுதாராணி தலையாட்டப் போனாள். அதற்குள் வெயிலுகந்தம்மாள், "எழுதட்டும்ல. போடறதுக்கு முன்னால எனக்கு வாசிச்சுக் காட்டட்டும்" என்றாள். அவன் அம்மாவைப் பார்த்தான். "பொங்கல் வரைக்கும் பாப்போம்மா" என்றான். குத்தகைக்குச் சொன்னானா, எழுத்துக்குச் சொன்னானா, தெரியவில்லை.

மறுநாள் சுதாராணி அவன் வந்துபோனதை எழுதி, அத்தையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து வாசித்தாள். தாயும் மகனும் சமாதானமானதாகக் கடைசி வரி. எழுதும்போதே அவளுக்குப் பிடித்துப்போன வரி.

வெயிலுகந்தம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். "முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அத்த."

"எப்படி முடியும்? உளுந்து இன்னும் மொளைக்கவே இல்லியே."

சுதாராணி அந்தக் கடைசி வரியை அழித்தாள். அதற்குப் பதில் வேறொன்று எழுதவில்லை. அப்படியே வலையேற்றினாள்.

நானும் அவள் செய்ததையே செய்கிறேன். உளுந்து முளைத்ததா, ஐப்பசி மழை ஏமாற்றியதா, பொங்கலுக்கு வந்தவன் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுத ஒரு வரி கைவசம் இருக்கிறது. நல்ல வரிதான். வாசித்துக் காட்ட வேண்டியவள் அன்றைக்கு மொபெட் ஓட்டிப் போன அந்தப் பெண், அவளிடம் நான் இன்னும் காட்டவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளையே கேட்டு, மீதியை…