வெளியாள் படிவம்

அந்தச் சுவரில் நாலடி அகலத்துக்கும் மூன்றடி உயரத்துக்கும் மட்டும் புது வெள்ளை அடித்திருந்தது. சுற்றிலும் பழைய பச்சை, எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால், பெயிண்டர் பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்த நோய்க்காலத்தில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள்? அந்தச் சுவரைப் பார்க்கப் போவது ஒரு லேப்டாப் கேமரா மட்டும்தான். அதன் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவை நூல் பிடித்து அளந்து, டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டை வழித்து அடித்துக் கொடுத்திருந்தான் அவள் கணவன்.

அவன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். பள்ளிக்கூடங்களைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்குமா? கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேலை கிடைத்த அன்று அவளைவிட அவன்தான் அதிகம் குதித்தான். பழைய கதவுப் பலகைக்கு நாலு கால் வைத்து மேஜை ஆக்கினான். ஜன்னலோரமாகப் போட்டுத் துடைத்துவிட்டு, "ஆபீஸ் ரெடி. ஆபீசர்தான் இன்னும் வரல" என்றான்.

ஒன்பது வருஷம் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவள் அவள். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டார். நாலு மாதம் அலைந்து கிடைத்தது இந்த மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி வேலை. நோயாளிகளின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து, சரியாக இருக்கிறதா என்று பிரித்து அனுப்ப வேண்டும். நேர்காணல் போனில் நடந்தது. லேப்டாப் கூரியரில் வந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் திரையில் வந்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். மூன்று பேர் சாப்பாடும் அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் இருந்தது.

முதல் நாள் கேமரா மீட்டிங்கில் ஆளாளுக்குத் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தியின் வீட்டுக்காரர் டாக்டர். இன்னொருத்தியின் வீட்டுக்காரர் பேங்க் மேனேஜர். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் புத்தக அலமாரி, பூச்செடி, நல்ல திரைச்சீலை. இவள் முறை வந்தது.

"அவர் டிரான்ஸ்போர்ட் லைன்ல இருக்கார்" என்றாள்.

"ஓ, சொந்தமாவா?" என்று டீம் லீடர் கேட்டாள்.

இவள் சிரித்து வைத்தாள். பஸ்ஸும் டிரான்ஸ்போர்ட்தானே, இதில் என்ன பொய் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு அதை நம்பவில்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ரகம்.

அது ஒன்பதாம் நாள் நடந்தது. காலை பத்து மணி மீட்டிங். நடுவில் பிளக் போர்டிலிருந்து கருகல் வாடை வந்தது. லேப்டாப் பேட்டரிக்கு அரைமணி நேரம்கூட உயிர் நிற்காது. மேஜைக்குக் கீழே கையை நீட்டி அவனைக் கூப்பிட்டாள். அவன் சமையல்கட்டிலிருந்து தவழ்ந்து வந்தான். மீட்டிங் நேரத்தில் அந்த வீட்டில் எல்லோருக்குமே நடை அதுதான். எட்டு வயது மகள்கூட முட்டி போட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போவாள். அவன் சத்தமில்லாமல் போர்டைக் கழற்றினான், வயரை வெட்டி முறுக்கினான், மாட்டினான். வேலை முடிந்த சந்தோஷத்தில் கேமராவை மறந்து எழுந்து நின்றான்.

ஓட்டைப் பனியன், வாயில் ஸ்க்ரூடிரைவர், தலையில் ஒட்டடை. வெள்ளைச் சுவரின் நட்டநடுவில், போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றான். எட்டுத் தீப்பெட்டியிலும் சிரிப்பு.

"யாருங்க அது?" என்றாள் டீம் லீடர்.

யோசிக்க நேரமிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ. நாக்கு முந்திக்கொண்டது.

"எலெக்ட்ரீஷியன் மேடம்."

அவன் வாயிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு, "முடிஞ்சுது மேடம். இனிமே பயமில்ல" என்று சொல்லி, தலையைக் கொஞ்சம் குனிந்து, நடந்தே வெளியே போனான்.

அவள் முகம் எரிந்தது. பத்து நிமிஷம் யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மீட்டிங் முடிந்ததும் டீம் லீடர் போன் செய்தாள். அவள் நல்ல பெண்தான், குரலில் கோபமில்லை. "பேஷண்ட் ஃபைல் ஓபன்ல இருக்கும்போது வெளியாள் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க, ஞாபகமிருக்கா? அதுவும் இந்த நேரத்துல, மாஸ்க்கூட இல்லாம. ஒரு படிவம் அனுப்பறேன், நாளைக்குப் பத்து மணிக்குள்ள நிரப்பிக் குடுத்திடுங்க. போன மாசம் இதே மாதிரி ஒருத்தரை நிறுத்திட்டாங்க. நான் பேசிப் பாக்கறேன், ஆனா உறுதி சொல்ல முடியாது. வீட்டு ஆளுங்கன்னா பிரச்சினையே இல்ல, பாருங்க. வெளியாளுங்கறதாலதான்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான். 'அவர் என் புருஷன்' என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வேலை தப்பித்திருக்கும். ஆனால் கட்டினவனை எலெக்ட்ரீஷியன் என்று சொன்னவள் என்ற பெயர் வந்திருக்கும். "சரிங்க மேடம்" என்று போனை வைத்தாள்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது அவனை வீட்டுக்குள் காணவில்லை. கதவைத் திறந்தாள். மாடிப்படியில், வாசலைத் தாண்டி மூன்றாவது படியில், மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேல்வீட்டுக்காரர் குப்பை வாளியோடு அவனைத் தாண்டி இறங்கிப் போனார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"வெளியாள் உள்ள இருக்கக்கூடாதாமே. போன்ல அவங்க பேசினது கேட்டுது."

கிண்டலா கோபமா என்று மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினோரு வருஷம் கூட வாழ்ந்த கண் அது.

சாயங்காலம் அவனே படிவத்தை எடுக்கச் சொன்னான். மகள் ஓரமாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"பேரு என் பேரே போடு. அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

"விலாசம் கேக்கறாங்க."

"நம்ம விலாசம் போட்டா மாட்டிப்போம். கராஜ்ல என் ஃப்ரெண்டு இருக்கான்ல, அவன் வீட்டுது போடு. கேட்டா ஆமான்னு சொல்லிடுவான், சொல்லி வைக்கறேன்."

"இந்த நபரை எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று அவள் அடுத்த கேள்வியை வாசித்தாள்.

"பதினோரு வருஷம்னு போடு. நம்பிக்கையான ஆளு, வேலை சுத்தம்னும் சேர்த்துக்க."

மகள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, நீ எப்ப எலெக்ட்ரீஷியன் ஆனே?"

"இன்னிக்குக் காலையிலதான் கண்ணு. அம்மாதான் சேர்த்துவிட்டாங்க."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. "என்னைத் திட்டிடுங்க. ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்" என்றாள்.

"எதுக்குத் திட்டணும்? பனியனோட எந்திரிச்சு நின்னது என் தப்புதானே" என்றான் அவன். அதையும் நிஜமாகவே நம்புகிறவன்போலச் சொன்னான். அவள் லேப்டாப்பை மூடினாள். படிவத்தை அனுப்பவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு எட்டு முகங்களும் வந்து உட்கார்ந்தன. அவன் முன்கூட்டியே மாஸ்க் மாட்டிக்கொண்டு படிக்குப் போய்விட்டான். இவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், நேத்து நான் பொய் சொல்லிட்டேன். அது எலெக்ட்ரீஷியன் இல்ல, என் வீட்டுக்காரர். ஸ்கூல் பஸ் ஓட்டறவர். பஸ் சொந்தமில்ல. இப்ப வேலையும் இல்ல. பனியனோட நின்னாரேன்னு கூச்சமா இருந்துச்சு, அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

பூகம்பம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்படியா? அப்ப படிவமே வேண்டாம். கேன்சல் பண்ணிடறேன்" என்றாள் டீம் லீடர். "அடுத்து, நேத்து நிலுவையில நின்ன ஃபைல் எத்தனை?"

அவ்வளவுதான். டாக்டர் பெண்டாட்டி மட்டும் தன் பூச்செடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டுல ஃப்யூஸ் போனா நான்தாங்க மாத்தணும். உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் அதைப் பற்றி மறுபடி யோசித்ததாகவே தெரியவில்லை. யார் கண்ணுக்குப் பயந்து அவனை விட்டுக்கொடுத்தாளோ, அந்தக் கண்கள் அவனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மீட்டிங் முடிந்ததும் படிக்கு ஓடினாள். "சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"வேலை?" என்று பதறி எழுந்தான்.

"இருக்கு."

அவன் மூச்சை விட்டான். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தான். "அப்ப சரி" என்று சிரித்தான். நல்ல சிரிப்புதான். அன்று மதியம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டாம் முறை சோறு வேண்டுமா என்று மகள் கேட்டாள், அவனும் வாங்கிக்கொண்டான். முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் சாயங்காலம், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கொசு வராமல் வாசல் கதவைச் சாத்தியிருந்தாள், தாழ்ப்பாள் போடவில்லை. யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். மெதுவாக, முன்பின் தெரியாத வீட்டில் தட்டுவதுபோல. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திறந்தாள்.

அவன் தண்ணீர் கேனோடு நின்றிருந்தான். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தது.

"கதவு சும்மாதானே சாத்தியிருக்கு? ஏன் தட்டறீங்க?"

அவனுக்கே அப்போதுதான் உறைத்ததுபோலக் கதவைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"தெரியல" என்றான். "உள்ள வரலாமா?"