ஏழாவது படம்

போதகர் வீட்டு ஜெப அறைச் சுவரில் நேற்றுவரை எனக்குப் பத்தொன்பது வயதுதான்.

அங்கே பதினான்கு படங்கள் இருந்தன. எல்லாம் பாஸ்போர்ட் அளவு, இரண்டு வரிசையாக. முதல் வரிசையின் கடைசியில் இருந்தது நான். அப்பாவின் சட்டை, தோளில் தொளதொளவென்று. ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவர் என்று போதகர் யாரைச் சொல்கிறாரோ அவர் சபைக்கு முன்னால் வந்து தன் படத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். படத்தின் பின்னால் அவர் என்ன ஆவார் என்று ஒரு வரி எழுதப்படும். பிறகு படம் சுவருக்குப் போகும், ஆள் ஊரை விட்டுப் போவார். தினமும் காலை ஐந்து மணிக்குப் போதகர் ஒவ்வொரு படத்தின் மேலும் விரல் வைத்துப் பெயர் சொல்லி ஜெபிப்பார்.

என் படத்தின் பின்னால் எழுதியிருந்தது: ஆயிரம் பேருக்கு மேய்ப்பன்.

அந்த ஐந்து மணிக்கு நான் குளிர்கிடங்கில் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பாஸ்டர் என்பார்கள். "பாஸ்டரே, இந்த அஞ்சு பெட்டியை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கிக் காட்டுங்க பார்ப்போம்" என்பான் தூக்குவண்டி ஓட்டுகிறவன். கல்லூரி இரண்டாம் வருடத்தில், வலையைப் போட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போன மீனவர்களைப் பற்றிப் போதகர் பேசிய ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் படிப்பை விட்டவன் நான். கடைசியில் மீன் பெட்டிதான் தூக்குகிறேன். அந்தப் பிரசங்கத்தில் படகில் தனியாக உட்கார்ந்திருந்த அவர்களுடைய அப்பனைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. என் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து மஞ்சள் காமாலையோடு நான் திரும்பி வந்தபோது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கல்லூரியில் திரும்பச் சேர்க்கவில்லை. சபைப் பக்கம் நான் போகவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, நான் திரும்பியதை யாரும் போதகர் காதில் போடவும் இல்லை. தன் பெயர் வெட்டிய கல்லறைப் பக்கம் உயிரோடு இருப்பவன் உலாத்தப் போவானா?

பதினான்கு வருடம் அப்படியே போயிற்று. போன மாதம் ஒரு புதன்கிழமை, அக்கா மகள் ஒரு சின்ன உறையோடு என் அறைக்கு வந்தாள். நான் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். உறைக்குள் அவள் படம். வெள்ளைப் பின்னணி, சிரிக்காத முகம்.

"ஞாயித்துக்கிழமை பதினஞ்சாவது நான்தான் மாமா."

அவளுக்கு இருபது வயது. நர்ஸிங் கடைசி வருடம். இன்னும் ஏழு மாதம்.

"ஏழு மாசம் பொறுக்க மாட்டாராமா உங்க ஆண்டவர்?"

"அழைப்பு வந்தா உடனே எழுந்திரிக்கணும் மாமா. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு."

வாசலில் நின்ற அக்கா சீறினாள். "வாயை மூடுடா. நீ வழுக்கி விழுந்தா ஊர்ல யாரும் நடக்கக் கூடாதா?"

அந்த இரவு முழுவதும் பெட்டிகளின் எண்ணைத் தப்புத் தப்பாகக் குறித்தேன். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும், கனத்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் போதகர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது போதகரம்மா. என்னைப் பார்த்த கணமே அடையாளம் கண்டுகொண்டார். கதவைப் பாதி மூடினார்.

"ஐயா ஓய்வா இருக்கார்ப்பா. அப்புறம் வா."

"யாரு அது?" உள்ளேயிருந்து குரல் வந்தது. அதே குரல். என் முதுகு தானாக நிமிர்ந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே போனேன். போதகர் ஜெப அறையில் நாற்காலியில் இருந்தார். சர்க்கரை அவருடைய கண்களைத் தின்றுவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வருடமாக எழுத்து தெரியாது, முகம் வெறும் நிழல்தான். வரும் கடிதங்களைப் போதகரம்மாதான் படித்துக் காட்டுவார்.

"தம்பி யாரு? குரல் புதுசா இருக்கே."

"முதல் வரிசை, ஏழாவது படம் ஐயா. அவரைப் பத்திக் கேட்க வந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. கை தானாக எழுந்து, தடவாமல், தேடாமல், நேராக என் படத்தின் மேல் போய் நின்றது. "இவனா? இவன் வடக்க இருக்கான். பெரிய சபை. போன மாசம்கூடக் கடிதம் வந்துதே."

நான் கடைசியாக அவருக்குக் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் ஆகிறது. போதகரம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருந்தார்?"

"ரெண்டு பிள்ளைங்க. பெரியவளுக்கு நல்ல குரல். ஆராதனையில அவதான் பாட்டு ஆரம்பிக்கிறாளாம்."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஒரு கணம் அந்தப் பெண் பாடுவது எனக்குக் கேட்டது. கிடங்கின் குளிர் ஜாக்கெட்டுக்குள் இன்னும் இருப்பதுபோல் உடம்பு சிலிர்த்தது. எங்கோ ஒருவன் என் பெயரில் நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கிறான். இந்த அறையில் அவன்தான் நிஜம், நான்தான் ஆவி.

"ஐயா, ஏழாவது நான்தான். ராத்திரி ஷிப்ட் முடிச்சு நேரா வர்றேன். மீன் கிடங்குல வேலை."

அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அடையவில்லை. விரலை மட்டும் படத்திலிருந்து எடுத்தார், சூடு பட்டதுபோல். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"கடிதப் பெட்டியை எடுத்துட்டு வா. தம்பி படிக்கட்டும்."

"வேண்டாங்க."

"எடுத்துட்டு வா."

தகரப் பெட்டி. உள்ளே கொஞ்சம் நிஜக் கடிதங்கள். மீதி மின்சார ரசீதுகள், மருந்துக் கடைச் சீட்டுகள், ஒரு கல்யாண அழைப்பிதழ். காகிதம் சரசரக்க வேண்டுமே, அதற்காக. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த அம்மா எங்கள் வாழ்க்கையைப் படித்திருக்கிறார்.

நிஜமானவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது ஆள், தனக்குப் பிரசங்கம் வரவில்லை, துணிக்கடையில் சேர்ந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார். ஒன்பதாவது ஆள் பெண். திட்டி எழுதியிருந்தார், நல்ல சுத்தமான கையெழுத்தில். பன்னிரண்டாவது எங்கள் தெருப் பையன். கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம் என்று கூப்பிடுவோம். அவன் கடிதம் நாலே வரி. காய்ச்சல் விடவில்லை, இங்கே தண்ணீர் சரியில்லை, வீட்டுக்குப் போக ஐயாவின் உத்தரவு வேண்டும்.

"இதை எனக்கு எப்படிப் படிச்ச?" என்று போதகர் மனைவியைக் கேட்டார்.

"அந்த ஊரே தாகமா இருக்கு, வேலை நிறைய இருக்குன்னு படிச்சேன்."

"உத்தரவு கேட்டானே?"

"அதைப் படிக்கல."

"ஐயா," என்றேன், "அவன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. இதை எழுதின ஒன்பதாம் நாள். அவங்க அம்மா சபைக்கு வர்றவங்க இல்ல, அதனால உங்ககிட்ட யாரும் சொல்லல. இன்னிக்குக் காலையிலயும் அவன்மேல விரல் வச்சீங்களா?"

"வச்சேன்."

போதகரம்மா அழ ஆரம்பித்தார். "உள்ளதைப் படிச்சிருந்தா இவர் மேடை ஏறியிருக்க மாட்டார்ப்பா."

"ஏறாம இருந்தா என்னம்மா குறைஞ்சு போயிருக்கும்?"

"அவளைச் சொல்லாதே" என்றார் போதகர். "அவ இல்லாததைப் படிக்கும்போது குரல்ல சர்க்கரை கூடிப்போகும். முப்பது வருஷமா கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா? ஆமென்னு சொல்லிடுவேன். ஆமென் சொன்னா அடுத்த கடிதத்துக்குப் போயிடலாம்."

பெட்டியின் அடியில் என் கடிதம் இருந்தது. ஒரே வரிக் கடிதம்: ஐயா, நான் திரும்பி வரலாமா?

படித்தேன். "இது வந்தப்ப உங்க கண்ணு நல்லா இருந்துச்சு" என்றேன். "அம்மா படிக்கல. நீங்களே படிச்சீங்க. பதிலும் நீங்களே எழுதினீங்க."

"என்ன எழுதினேன்?"

"திரும்பிப் பார்க்காதே."

அவர் தலையாட்டினார், வேறு யாரோ செய்த குற்றத்தைக் கேட்பவர்போல் அல்ல.

"பதினஞ்சாவது என் அக்கா பொண்ணு ஐயா. ஏழு மாசத்துல நர்ஸ் ஆயிடுவா. அவளை வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு வருடத்துக்குப் பிறகு சபைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா மகள் முன்னால் நின்றாள். படத்தைப் போதகர் கையில் கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார், எதுவும் தெரியாது என்று தெரிந்தும். உதவிப் போதகர் பேனாவோடு அருகில் வந்தார்.

"ஐயா, பின்னால என்ன எழுதட்டும்?"

"எனக்குத் தெரியாது" என்றார் போதகர். ஒலிபெருக்கியில் அது எல்லோருக்கும் கேட்டது. "என்ன ஆவாங்கன்னு தெரியாமத்தான் பதினாலு பேருக்கும் எழுதினேன். ஆண்டவர் சொன்னார்னு சொன்னேன். அவர் சொன்னாரா, என் ஆசை சொல்லிச்சான்னு நின்னு கேட்கல. அனுப்பினதுக்கப்புறம் ஒருத்தர் வீட்டுக் கதவையும் நான் தட்டல. அதுல ஒரு பிள்ளை செத்துப்போச்சு. ஆறு வருஷமா அவன் நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

கிடார் வாசிக்கிறவர் நிலைமையைச் சமாளிக்க நினைத்து ஒரு பாட்டைத் தொடங்கினார், தவறான சுருதியில். போதகர் கையை உயர்த்தியதும் நின்றுவிட்டது.

படத்தை அவளிடமே நீட்டினார். "படிச்சு முடிம்மா. முடிச்சப்புறமும் போகணும்னு தோணிச்சுன்னா வா. அப்ப உன்னை அனுப்ப மாட்டேன், கூட வருவேன். நீ எங்க தூங்குற, என்ன தண்ணி குடிக்கிறன்னு தெரிஞ்சுகிட்டுத்தான் திரும்புவேன். அதுவரைக்கும் எனக்கு வேற வேலை இருக்கு. பதினாலு வீட்டுக்குப் போகணும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்கதானே போய்ச் சொன்னீங்க?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவரும் கேட்கல, நீங்களும் கேட்கல. எல்லாரும் என் தலைக்கு மேல நின்னு என் வாழ்க்கையைப் பேசுறீங்க. நீங்க அவரைவிட எந்த விதத்துல மேல மாமா?"

அவள் மறுநாள் காலை மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனாள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் போகிறாள். என்னோடு பேசுவதில்லை. படியில் எதிரே வந்தால் சுவர் பக்கம் ஒதுங்கி வழிவிடுகிறாள், நோயாளிக்கு விடுவதுபோல்.

போதகர் சொன்னபடி கிளம்பிவிட்டார் என்று அக்கா வழியாகத் தெரிந்தது. வரிசைப்படி போகவில்லை. முதலில் ஒட்டகத்தின் வீட்டுக்கு. முதல் இரண்டு நாளும் அந்தத் தாய் கதவைத் திறக்கவே இல்லையாம். போதகர் மூன்று நாள் காலையிலிருந்து மதியம்வரை வாசலில் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு செம்புத் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டு அந்தத் தாய் திரும்பக் கதவைச் சாத்திக்கொண்டாராம். போதகர் அதைக் குடித்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது. பகலில் தூங்குகிறவன் நான். திரையை எவ்வளவு இழுத்து மூடினாலும் மாடிப்படியில் ஒரு கைத்தடி ஏறி வருவது கேட்கும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. வந்தால் என்ன சொல்வது என்று வசை வசையாகச் சேர்த்து வைத்தேன். வராமலே போய்விடுவாரோ என்றும் இருந்தது.

நேற்று காலை ஒன்பது மணிக்கு நிஜமாகவே கேட்டது. தடியின் சத்தத்தோடு இன்னொரு காலடியும். கதவு தட்டப்பட்டது.

"மாமா, ஆள் வந்திருக்காங்க." ஒரு மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

திறந்தேன். அக்கா மகள் பயிற்சிச் சீருடையில் இருந்தாள். போதகரின் முழங்கையை, வழுக்கி விழாதபடி பிடிக்கப் பழகிய பிடியில் பிடித்திருந்தாள். அவர் படியேறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். வேறு பக்கம் நீட்டினார். அவள் அவர் கையை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

படத்தை வாங்கிக்கொண்டேன். அப்பாவின் தொளதொளச் சட்டை. பின்னால் மேய்ப்பன் என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. வேறெதுவும் எழுதவில்லை.

அக்கா மகள் எட்டிப் பார்த்தாள். "இது நீங்களா?" கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தாள். "இவரும் போகணும்னு ஆசைப்பட்டுத்தானே போனார்?"

"ஆமா" என்றேன். "ரொம்ப ஆசைப்பட்டு."

அவள் அவரை விட்டுவிட்டுக் கீழே போகவில்லை.

போதகர் கதவு நிலையைக் கையால் தொட்டுப் பார்த்தார். வாசற்படியைத் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்றார்.

"தம்பி, நான் உள்ள வரலாமா?"

சேர்த்து வைத்த வசை எல்லாம் வாய்வரை வந்தது. கையில் இருந்த பத்தொன்பது வயதுக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பதில் வர வேண்டியது அவனுக்கு என்பதுபோல.

நாற்காலியின் மேல் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

"படி ஒண்ணு இருக்கு" என்றேன். "பார்த்து."