புழு தொடாத வரிசை

புழுவே ஏறாத செடி, புழு கடித்ததைப் போல நடந்துகொண்டால் மனுஷி என்னதான் செய்வாள்? கண்ணாடிக் கூடத்தில் தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே நின்று புழுக்காரி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். டப்பா டப்பாவாகப் புழு வளர்ப்பதால் ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

புழு ஓர் இலையைக் கடித்ததும் செடிக்குள் ஒரு ஹார்மோன் ஊறி, மற்ற இலைகளுக்கெல்லாம் சேதி போகும். உடனே செடி வளர்வதை ஓரங்கட்டிவிட்டு, புழுவின் வயிற்றைக் கெடுக்கும் சரக்கை இலைக்குள் தயாரிக்க ஆரம்பிக்கும். புழு போனபின் அந்த ஹார்மோனைத் தானே சிதைத்துவிட்டு, பழையபடி வளரும். ஆபத்து நீங்கிவிட்டது என்று அதற்கு எப்போது தெரிகிறது? இதுதான் புழுக்காரியின் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை நிம்மதியாக இருக்க வேண்டும். அந்த வரிசையோ குள்ளமாகி, இலை தடித்து, சோதனையில் ஹார்மோன் எகிறிக் கிடந்தது. மறுபடி விதை போட்டால் அவளுடைய டாக்டர் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

தப்பித்த புழு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க மறுநாள் விடிந்ததுமே வந்தாள். உள்ளே அண்ணி இருந்தாள்.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. புருஷன் வீட்டை விட்டு ஒரே பையோடு இவர்கள் வீட்டுக்கு வந்தவள். 'சாப்டீங்களா' என்று கேட்டால்கூட 'ஏன், சோறு மிச்சமாகலையேன்னு கவலையா' என்று சுருக்கென்று குத்துவாள். இங்கே தண்ணீர் ஊற்றும் வேலை வாங்கிக் கொடுத்த பிறகுதான் வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. இப்போது ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாக, மேலும் கீழும், ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

புழுக்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அண்ணி. "செடியப் பாத்தா? இந்த வரிசை வளரவே மாட்டேங்குது. அதான் தூசி இல்லாம இன்னும் நல்லா தொடச்சு விடறேன்."

பேசாமல் துணியை ஒளித்து வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. 'நீ தொட்டது எது வெளங்கிச்சு?' என்பதுதான் அண்ணியின் புருஷன் அவளிடம் வாய்க்கு வாய் சொன்ன பேச்சு. ஆனால் துணி காணாமல் போனால் அண்ணி முந்தானையால் துடைப்பாள். தினமும் கை படப் பட, புழு கடிக்கிறது என்றே செடி நினைத்துக்கொள்கிறது என்று புழுக்காரி சொன்னாள்.

அண்ணியின் கை இலையிலிருந்து சட்டென்று விலகியது.

"அப்ப அவர் சொன்னது சரிதான்."

"அவர் சொன்னது பொய் அண்ணி. செடிக்கு கண்ணா இருக்கு? தினம் தினம் எது மேல பட்டாலும் ஆபத்துன்னு நெனச்சுக்கும். நான் தொடச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். தப்பு என்னோடது, தொடக்கூடாதுன்னு உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல."

அண்ணி குள்ளச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கிப் போட்டுடுவியா?"

"மாட்டேன். வேற விதை போட்டுக்கலாம். இது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அந்தப் பயம் போயிடுமா இதுங்களுக்கு?"

"போயிடும். சும்மா விட்டா அதுவே கொறச்சுக்கும்."

"எவ்ளோ நாளாகும்?"

அண்ணி செடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று புழுக்காரிக்குத் தெரியும். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தெரியல அண்ணி. அதத்தான் நானும் தேடிட்டிருக்கேன்."

வெளியே யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தம். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணி துணியைப் பிழிந்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். பிறகு புழுக்காரியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒன் கன்னத்துல மண்ணு ஒட்டியிருக்கு," என்றாள், கேட்கலாமா வேண்டாமா என்ற குரலில். "தொடச்சு விடட்டா?"

புழுக்காரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள்.