வேலிகாத்தான் பழுப்பு

பம்பர்களின் நிறத்தைப் பார்ப்பதுதான் செல்வலட்சுமியின் வேலையாக இருந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில், கண்கூசும் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே நின்று, வரிசையாக வரும் ஒவ்வொரு பம்பரையும் மாதிரித் தகட்டோடு ஒப்பிட வேண்டும். துளி வித்தியாசம் தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடங்களாக அதைச் செய்தாள். ஒரு நாள் ஓ.டி. என்ற கூடுதல் வேலை நேரமும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபோது, நிறம் மாறிய பதினான்கு பம்பர்களைச் சரியென்று அனுப்பிவிட்டாள். மறுநாள் சூப்பர்வைசர் ராஜசேகர் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். திட்டவில்லை. "கொஞ்ச நாள் அங்க இரும்மா" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வல்லம் வடகாலில் அவள் குடியிருந்த அறையின் சொந்தக்காரி ரத்னாவிடமும் சொல்லவில்லை.

ரத்னாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தொழிற்சாலை கேன்டீனில் அண்டா தேய்த்து முதுகு போய், வேலையை விட்டவள். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இன்னும் மூன்று பெண்களோடு துணிகளுக்குச் சாயம் ஏற்றுகிறாள். ஏரியைச் சுத்தம் செய்தபோது வெட்டிக் குவித்த சீமைக்கருவேலம்தான் சரக்கு. அந்த ஊரில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரிலும் பிறகு படிகாரத்திலும் ஊறவைத்து, வேலிகாத்தான் பட்டையைக் கொதிக்கவைத்த சாற்றில் போட்டால் அழகான பழுப்பு ஏறும். இதைக் கற்றுக்கொடுத்தவள் குன்றத்தூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷெர்லின். வாங்கிக்கொள்பவளும் அவள்தான். இந்த முறை அவள் கேட்டது ஒரு கல்யாணத்துக்கு அறுபது துப்பட்டா, எல்லாம் ஒரே பழுப்பில்.

ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி கொட்டகைக்குப் போனபோது அறுபதும் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தன. அவள் வரிசையைப் பார்த்தபடியே நடந்தாள். கடைசிக் கொடியருகே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது சேராது."

"இன்னா சேராது?"

"ஷேடு மாறியிருக்குக்கா. லேசா சாம்பல் அடிக்கி. இதுவும். அந்தா, அதுவும்."

"வெயில்ல அப்டித் தெரியுது. ஒன்னியும் மாறல."

"இல்லக்கா, நான் சொல்லுதேன்லா. இதுல பாதி தேறாது."

ரத்னா கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்தாள். உள்ளங்கை முழுக்க முள் கிழித்த கோடுகள்.

"மூணு நாளா பட்டை உரிச்சிகினு கீறேன். நீ லீவு அன்னிக்கு வந்து நின்னுகினு ரிஜெக்ட் பண்றியா? இது இன்னா பம்பரா? அதெல்லாம் போய் உன் லைன்ல பண்ணு."

"எனக்கு லைனே இல்லக்கா" என்றாள் செல்வலட்சுமி. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. "பதினாலு பம்பரத் தப்பா விட்டுட்டேன். பேக்கிங்ல போட்டுட்டாவ. ஒரு மாசமாச்சு. கண்ணு போயிருச்சோன்னு பயமா இருக்கு. இங்கயும் தப்பாத்தான் சொல்லுதேனோ என்னமோ."

ரத்னா கொடியிலிருந்து துப்பட்டாக்களை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள். ஒரு ஈட்டுக்கு இருபது என்று மூன்று ஈடாக அவள் சாயம் போட்டிருந்தாள். எது எந்த ஈடு என்று தெரிவதற்காக ஓரத்து நூலில் முதல் ஈட்டுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று என்று போட்டு வைத்திருந்தாள். முடிச்சுகள் உள்ளே போகும்படி மடித்து, எல்லாவற்றையும் கலந்து, ஒரு பாய்மேல் குவித்தாள்.

"சாம்பல் அடிக்கறத மட்டும் தனியா பிரி, பாக்கலாம்."

செல்வலட்சுமி நிழலில் உட்கார்ந்து பிரித்தாள். அரைமணி நேரம் ஆனது. இடையில் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டாள். இருபது துணிகளைத் தள்ளி வைத்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள்.

ரத்னா அந்த இருபதையும் விரித்தாள். பதினெட்டில் மூன்று முடிச்சு இருந்தது. இரண்டில் இரண்டு முடிச்சுதான்.

"ரெண்டு தப்பு" என்றாள் செல்வலட்சுமி உடனே.

"பதினெட்டு கரீக்ட்டு, அது தெர்லியா உனக்கு?" ரத்னா மூன்று முடிச்சுத் துணியொன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இப்போது அவளுக்கும் அந்தச் சாம்பல் தெரிந்தது. "மூணாவது ஈடு போடச்சொல கொழாயில தண்ணி வர்ல. அடிபம்புலதான் புட்ச்சேன். அந்தப் பைப்பு பூரா துரு."

சாயத்தில் இரும்பு பட்டால் கறுக்கும் என்று ஷெர்லின் முதல் நாளே சொல்லியிருந்தாள். ரத்னா ஒரு கிண்ணத்தில் அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து வந்து மிச்சமிருந்த பட்டைச்சாற்றில் ஊற்றினாள். பழுப்பு கலங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருண்டது.

ரத்னா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு முடியல செல்வி. இப்டியே குடுத்துட்டா இன்னா? யாருக்குத் தெரியப் போவுது?"

"கல்யாணத்துல வரிசையா நிப்பாவளேக்கா. பக்கத்துல பக்கத்துல நின்னா தெரியும்."

"தெரியும்தான்."

ரத்னா ஷெர்லினுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லி, இன்னும் இருபது துணி கேட்டாள். செல்வலட்சுமி வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

திங்களும் செவ்வாயும் முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் அவள் நேராகக் கொட்டகைக்கே வந்தாள். பட்டை உரித்தாள், அடுப்பில் விறகு தள்ளினாள், குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தாள். புதிய ஈடு கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வந்தது. அவள் அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"அடர்த்தி கூடத்தான், ஆனா சாம்பல் அடிக்கல. இது போகும்க்கா" என்றாள் செல்வலட்சுமி.

புதன்கிழமை ஷெர்லின் வந்து அறுபதையும் எடுத்துக்கொண்டாள். சாம்பல் நிற இருபதையும் தடவிப் பார்த்தாள். "நல்லாதான் இருக்குக்கா. ஆனா இப்போதைக்கு யாரும் கேக்கலையே" என்றாள். ரத்னா அவற்றை மடித்துப் பரண்மேல் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ராஜசேகர் பேக்கிங் பக்கம் வந்தார். "இன்ஸ்பெக்ஷன்ல ஆள் பத்தலம்மா. திரும்ப வர்றியா?"

"வாரேன் சார். ஆனா ஓ.டி. நிக்க மாட்டேன். எட்டு மணி நேரம்னா ஒழுங்கா பாப்பேன். அதுக்கு மேல என் கண்ணு தாங்காது."

"அதெப்படிம்மா? எல்லாரும் நிக்கறாங்கல்ல?"

"அப்ப நான் இங்கயே இருந்துக்கிடுதேன் சார்."

அவர் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அதை ரத்னாவிடம் சொன்னாள். ரத்னா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "கேட்டுட்டல்ல? அது போதும். ஞாத்திக்கெழம கொட்டாய்க்கு வர வோணாம், தூங்கு. நான் பாத்துக்கறேன்."

செல்வலட்சுமி சரியென்று சொல்லிவிட்டு அறைக்குள் போய், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்தாள்.